பின் பட்டை மாற்றியபின் அம்பாசிடர் தூக்கிப் போடுகிறதா? ஒரு ஒப்பீடு

"பட்டை படிந்துவிட்டது என்று புது செட் வாங்கிப் போட்டேன். வண்டி நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் பின் சீட்டில் உட்கார முடியவில்லை." அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பட்டை என்பது வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் அடுக்கு இரும்பு ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்). அதற்குள் ஆளுக்கொரு யோசனையும் சொல்லியிருப்பார்கள். ஒரு பட்டையைக் கழற்றிவிடு என்பார் மெக்கானிக். கேஸ் ஷாக் (வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர்) போடு என்பார் கடைக்காரர். ஆயில் அடித்தால் சரியாகிவிடும் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அப்பா வாங்கிய மார்க் 4 அம்பாசிடர். பின்பக்கம் ஒருபுறம் சாய்ந்து டயர் மட்கார்டில் உரச ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் புது செட் போட்டேன். அடுத்த நாளே அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்துத் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் கிளம்பினேன். அய்யம்பேட்டை வருவதற்குள் முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, டிராக்டர் டிரெய்லர்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். அதே சீட்டில் எத்தனையோ வருஷம் தூங்கிக்கொண்டே வந்தவர் அவர். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்கு நான்கு மாதம் ஆனது. செய்த வேலைகளின் வரிசை தப்பாக இருந்ததால்தான் அவ்வளவு நாள். அந்த வரிசையைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## ஒரு தவறான நம்பிக்கை

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 வண்டியை அடிப்படையாகக் கொண்டு உத்தரபாராவில் செய்ய ஆரம்பித்து, 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை அம்பாசிடரின் பின்பக்கம் அடிப்படையில் மாறவே இல்லை. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான ஆக்சில், இரண்டு பக்கமும் அடுக்குப் பட்டை, அவ்வளவுதான். அந்தப் பட்டை ஸ்பிரிங் வேலை மட்டும் பார்ப்பதில்லை. ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும், பிரேக் அடிக்கும்போதும் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதும் ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதும் அதே பட்டைதான். பின்னால் பேசப்போகும் பல விஷயங்களுக்கு இது அவசியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை படிந்துவிட்டால் அது 'தளர்ந்துவிட்டது' என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் குறைவது வளைவுதான். எத்தனை கிலோவுக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்ற கணக்கு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அந்தக் கணக்கைத் தீர்மானிப்பது பட்டையின் நீளம், அகலம், எண்ணிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தடிமன். தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் கடினம் கூடும். உதாரணத்துக்கு 6 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 6.5 மி.மீ. பட்டை போட்டால் செட் சுமார் 27 சதவீதம் கடினமாகும். 7 மி.மீ. போட்டால் 59 சதவீதம். கண்ணால் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில்தான் தெரியும். லாரிக்குப் பட்டை செய்து பழகிய பட்டறைகளில் 'கொஞ்சம் ஸ்ட்ராங்கா' போட்டுக் கொடுப்பது வழக்கம். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதல் அளவுகோல், வண்டி எப்போது தூக்கிப் போடுகிறது என்பது. இதைக் கவனிக்காமல் எந்தச் செலவும் செய்யாதீர்கள். ஒட்டுப்போட்ட ரோட்டில், சின்னச் சின்னப் பள்ளத்தில் தடதடவென்று அடித்து, பெரிய பள்ளத்தில் பரவாயில்லை என்றால் பட்டைகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு பேர் போகும்போது ஸ்பீடு பிரேக்கரில் உதைத்து, ஐந்து பேர் ஏறினால் சுகமாக இருந்தால் செட்டே கடினம். ஸ்பீடு பிரேக்கர் தாண்டியபின் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. பின்பக்கம் மேலே எழும்பும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு முட்டுகிறது. கீழே இறங்கும்போது சத்தம் வந்தால் பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இடிக்கிறது.

இரண்டாவது, பின் சீட்டில் வழக்கமாக யார் உட்காருகிறார்கள் என்பது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் மட்டும் சுற்றி வரும் வண்டிக்கும், கல்யாணத்துக்கு ஆறு பேரும் சீர்த்தட்டும் ஏறும் வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது.

மூன்றாவது, வேண்டாம் என்றால் பழையபடி மாற்ற முடியுமா? நான்காவது, பில்லில் வராத செலவு. மீண்டும் மீண்டும் ஆக்சிலைத் தொங்கவிடும் கூலி, பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட், பட்டையின் முனைகளில் வரும் புஷ், வண்டி நிற்கும் நாட்கள்.

கடினத்தை அளக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். பின் சீட்டில் 50 கிலோ அரிசி மூட்டை இரண்டை வைத்து, பம்பரைப் பிடித்து நாலு முறை ஆட்டிவிட்டு மறுபடி அளக்கவும். எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே மூட்டையை இதே இடத்தில் வைத்துச் செய்தால், கெஞ்சலும் வாக்குவாதமும் இல்லாமல் பதில் கிடைத்துவிடும்.

## எதையும் வாங்கும் முன்: பொருத்தியது சரியா?

நான் கடைசியாகச் செய்து, முதலில் செய்திருக்க வேண்டியது இது.

பட்டையின் கண்ணிலும் (முனையில் சுருட்டிய வளையம்), ஷேக்கிளிலும் (பட்டையின் ஒரு முனையை வண்டியோடு சேர்க்கும் அசையும் இணைப்பு) ரப்பர் புஷ் இருக்கிறது. அது சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் அந்த நட்டுகளை முழுசாக முறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கிய நிமிஷமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். அது கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வண்டியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்தும் போகும். வண்டி தரையில், தன் எடையில் நிற்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தி, பின்பக்கத்தை நன்றாக ஆட்டிவிட்டு, பிறகு முறுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. என் வண்டியில் தளர்த்தியபோது 'டொக்' என்று சத்தம் வந்து பின்பக்கம் கண்ணுக்குத் தெரிய இறங்கியது.

அடுத்து ஷேக்கிளைப் பாருங்கள். பட்டையின் வளைவு அமுங்கி நேராகும்போது அது நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதுதான் ஷேக்கிளின் வேலை. வளைவு அதிகமான புது செட்டில் இரண்டு கண்ணுக்கும் நடுவே நீளம் குறைவாக இருப்பதால் ஷேக்கிள் தப்பான கோணத்தில் சாய்ந்துவிடும். பட்டறையில் பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மைதான், ஆனால் ரப்பர் விழுங்கும் அதிர்வை அது பாடிக்கு அனுப்பிவிடும். டயர் காற்றையும் பாருங்கள். பங்க்சர் கடையில் கேட்காமலே ஏற்றிவிடும் காற்று, பட்டையின் மேல் பழி போட வைக்கும்.

இதெல்லாம் சரி என்றால், புது செட்டுக்குச் சில நூறு கிலோமீட்டராவது ஓட அவகாசம் கொடுங்கள். புதுப் பட்டை கொஞ்சம் படியத்தான் செய்யும். அதற்குப் பிறகும் குறை இருந்தால் கீழே உள்ள வழிகளுக்கு வாருங்கள்.

## வழி 1: செட்டைப் பிரித்து, தேய்த்து, கிரீஸ் அல்லது லைனர்

வண்டி ஓடும்போது ஒவ்வொரு பட்டையும் மேலே உள்ள பட்டையின் மேல் வழுக்க வேண்டும். வழுக்காமல் பிடித்துக்கொண்டால் சின்னப் பள்ளத்தில் செட் அசையவே அசையாது, டயர் மட்டும் அடியை வாங்கும். பெரிய பள்ளத்தில்தான் பிடி விடும்.

எனக்கு இதைக் காட்டியவர் ஒரு வயதான ஸ்பிரிங் பட்டறைக்காரர். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றி, இரண்டாவது பட்டையைத் திருப்பிப் போட்டு, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். கீழ்ப்பட்டையின் நுனி பட்ட இடத்தில் நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம். வெட்டிய நுனியில் பிசிறு எடுக்காமலே அடுக்கியிருந்தார்கள். புது செட்தான், சில மாதமே ஓடியது. பிசிறு ஒவ்வொரு அசைவிலும் மேல்பட்டையைக் கடித்துப் பிடித்திருக்கிறது. அவர் அரத்தால் நுனிகளை மழுக்கி, பெயின்ட்டைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்கினார். பக்கவாட்டுக் கிளிப்புகள் இறுகியிருந்ததையும் கொஞ்சம் திறந்துவிட்டார். கிளிப் பட்டைகளைச் சிதறாமல் பிடிக்க வேண்டும், நெரிக்கக் கூடாது.

கிரீஸுக்குப் பதில் நுனிகளுக்கு இடையே நைலான் அல்லது பாலிஎத்திலீன் துண்டு (லைனர்) வைக்கலாம். கிரீஸ் தூசியைச் சேர்த்துக்கொள்ளும், இரண்டு மழைக்காலத்தில் கழுவிப்போகும். லைனர் அதைவிட நாள்படும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பட்டைகளின் உரசலே கொஞ்சம் ஷாக் அப்சார்பர் வேலையையும் செய்துகொண்டிருந்தது. உரசலைக் குறைத்ததும் பழைய ஷாக்கின் பலவீனம் வெளியே வந்துவிடும். இன்னொன்று, பிரிக்காமலேயே சர்வீஸ் ஸ்டேஷனில் கழிவு ஆயில் பீய்ச்சிக்கொள்வது. அது பட்டைக்குள் அதிகம் போகாது, ஆனால் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்து உப்பவைத்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

## வழி 2: ஒரு பட்டையைக் கழற்றுவது

எல்லோரும் முதலில் சொல்வது இது. எனக்கு உடன்பாடில்லாததும் இதுதான். ஏழு பட்டையில் ஒன்றை எடுத்தால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கடினம் குறையும், உண்மை. அன்றே வித்தியாசம் தெரியும், செலவும் கம்மி. ஆனால் எடுத்த பட்டை தாங்கிய பாரம் காணாமல் போகவில்லை, மிச்சம் உள்ளவற்றின் மேல் ஏறிவிட்டது. அடுக்கின் படிப்படியான நீளத்தில் ஒரு படி விட்டுப்போவதால் அந்த இடத்தில் பட்டை அதிகம் மடங்கும். வண்டியும் தாழும். நான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கு நன்றாக இருந்தது. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பெட்டி வைத்துப் போனபோது ஒவ்வொரு பாலத்து முனையிலும் பம்ப் ஸ்டாப்பில் இடித்தது.

ஆக்சிலை முறுக்காமல் பிடிப்பதும் இந்தப் பட்டைதான் என்று மேலே சொன்னேன். மெலிந்த செட்டில் திடீர் பிரேக் அடித்தால் பட்டை 'எஸ்' மாதிரி நெளிய ஆரம்பிக்கும்.

எடுத்தே தீர வேண்டும் என்றால் மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டையையும் அதன் அடியில் இருக்கும் இரண்டாவதையும் தொடாதீர்கள். நடுவில் ஒன்றை, இரண்டு பக்கமும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். அடுக்கு மெலிந்ததால் யூ போல்ட்டின் மரை முடிந்து நட் முட்டி நிற்கும், இறுகியது போலத் தெரிந்தாலும் பட்டை இறுகியிருக்காது. எடுத்த அளவுக்கு ஒரு தகடு வைக்க வேண்டும். யூ போல்ட்டும் புதிதாகப் போடுவது நல்லது. இரண்டு பேருக்கு மேல் ஏறாத வண்டிக்கு, செட் தடிமனாகவே செய்யப்பட்டது என்று வெர்னியரில் உறுதியானால், இது பொருந்தும். வேறு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

## வழி 3: ஷாக் அப்சார்பர் மாற்றுவது

வண்டி ஆடினால் மாற்றுங்கள். வண்டி உதைக்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள். ஸ்பிரிங்கின் கடினத்தை ஷாக் குறைக்காது, அதன் ஆட்டத்தை மட்டும் அடக்கும். கடினமான செட்டோடு இறுக்கமான கேஸ் ஷாக் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். நான் முதலில் செலவு செய்தது இங்கேதான், அந்த ஜோடி இன்னும் கார் ஷெட்டில் இருக்கிறது. சாதாரண ஆயில் ஷாக், அம்பாசிடருக்கென்று வருவது போதும்.

வாங்கும் முன் ஒரு அளவு பார்க்க வேண்டும். புது செட்டில் வண்டி உயர்ந்து நிற்பதால் ஷாக் ஏற்கெனவே நீண்டிருக்கும். மேல்நோக்கி அசைய இடமே இல்லாமல் போனால், எந்த ஷாக் போட்டாலும் முட்டும். அப்போது சரிசெய்ய வேண்டியது உயரத்தை, ஷாக்கை அல்ல.

## வழி 4: பழைய பட்டையையே வளைவு ஏற்றிப் போடுவது

படிந்த பட்டையின் கடினம் மாறவில்லை, வளைவுதான் போனது என்றால், அந்த வளைவைத் திருப்பிக் கொடுத்தால் வண்டியோடு பிறந்த சுகமும் உயரமும் சேர்ந்து கிடைக்கும். அதனால்தான் பழைய செட்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

எல்லாப் பழைய பட்டையும் இதற்கு ஆகாது. துரு தின்று மெலிந்தது, கண் தேய்ந்தது, விரிசல் விட்டது ஆகாது. விரிசல் பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றித்தான் வரும். அதைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் எனக்குக் காட்டிய வழி: பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் கழித்துத் துணியால் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு எழும். என்னுடைய ஒன்பது வருஷப் பழைய செட்டில் ஒரே ஒரு பட்டையில் அந்தக் கோடு வந்தது. அதை மட்டும் அதே தடிமனில் புதிதாகச் செய்தோம்.

வளைவு ஏற்றுவதில் இரண்டு வகை. குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டி ஏற்றுவது மலிவு, ஆனால் சீக்கிரம் மறுபடி படியும். உலையில் காய்ச்சி வளைத்தால், அதை எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றி, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் இறக்கவும் வேண்டும். இதைச் செய்யாமல் காய்ச்சி மட்டும் கொடுத்தால் அது ஸ்பிரிங் அல்ல, வெறும் இரும்பு. பதம் ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் குளிர்ந்த வேலையே மேல்.

என் வண்டியில் இப்போது இருப்பது இந்தச் செட்தான், முதல் வழியில் சொன்னபடி நுனி மழுக்கி, கிரீஸ் தடவி அடுக்கியது. கும்பகோணம் போகும்போது அம்மா மறுபடி தூங்க ஆரம்பித்திருக்கிறார்.

## வழி 5: சரியான அளவில் புதிதாகச் செய்வது

பழைய செட் இல்லை, இருப்பதும் கடினம் என்றால் இதுதான் வழி. பெரிய செலவு, ஆனால் அளவு சரியாகச் சொன்னால் மறுபடி செலவு வராது. பழைய பட்டைத் துண்டு ஒன்றாவது மாதிரிக்கு வேண்டும். தடிமன், அகலம், ஒவ்வொரு பட்டையின் நீளம், பாரமில்லாதபோது வளைவு எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். பொருளை வாங்கும் முன் வெர்னியரைக் கையில் எடுங்கள்.

பட்டையையே எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆக்சிலைப் பிடிக்கத் தனியாகக் கம்பிகள் பற்றவைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 50 வருஷம் தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜாகப் பதிய நினைப்பவர்களுக்கு வண்டி அசல் வடிவில் இருப்பது அவசியம். வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் குறைக்கு | உயரம் | பழையபடி மாற்ற | பில்லில் வராதது |
|---|---|---|---|---|
| நட்டுகளைத் தரையில் வைத்து முறுக்குவது | பொருத்தியதும் விறைப்பு | கொஞ்சம் குறையலாம் | தேவையே இல்லை | கிழிந்த புஷ் |
| பிரித்துக் கிரீஸ், லைனர் | சின்னப் பள்ளத்தில் தடதட | மாறாது | எளிது | பழைய ஷாக்கின் பலவீனம் தெரியவரும் |
| ஒரு பட்டை எடுப்பது | இரண்டு பேருக்கு உதைப்பு | தாழும் | முடியும், கூலி இரட்டிப்பு | யூ போல்ட், தகடு, பம்ப் ஸ்டாப், பட்டை ஆயுள் |
| ஷாக் | தாண்டியபின் ஆட்டம் | மாறாது | எளிது | தப்பாக வாங்கினால் முழு நஷ்டம் |
| பழையதை வளைவு ஏற்றுவது | புது செட் கடினம் | சரியாகும் | எளிது | சில வருஷத்தில் மறுபடி படியலாம் |
| அளவெடுத்துப் புது செட் | பழையது உடைந்தது | சொன்னபடி | கடினம் | காத்திருப்பு, மாதிரி கிடைப்பது |

வீட்டில் வயதானவர்கள் பின் சீட்டில் வருகிறார்கள், பழைய செட் கைவசம் இருக்கிறது என்றால் நான்காவது வழி, கூடவே முதலாவது. கல்யாண வாடகைக்கு ஓட்டுபவர்கள் கடினமான புது செட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முழு பாரத்தில் அது சுகமாகவே இருக்கும். பிரித்துக் கிரீஸ் மட்டும் போட்டுக்கொண்டால் போதும். மாதத்தில் ஒரு நாள் வெளியே எடுப்பவர்கள் புஷ்ஷும் காற்றும் பார்த்துவிட்டு, பட்டை தானாகப் படியக் காத்திருக்கலாம்.

பிரீமியர் பத்மினிக்கும் இதே கணக்குதான், அதிலும் பின்னால் அடுக்குப் பட்டைதான். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மட்டும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் குறுக்கே ஒரே ஒரு பட்டை செட்தான் இரண்டு சக்கரத்தையும் தாங்குகிறது. உயரம் கூடினால் சக்கரங்களின் சாய்வே மாறி, வளைவில் ஆபத்தாகிவிடும்.

எந்த வழியில் போனாலும் 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். கிரீஸோ பெயின்ட்டோ நடுவில் இருந்தால் அது அமுங்கி, பிடி தளர்ந்திருக்கும். தளர்ந்தபடியே ஓட்டினால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்துவிடும்.